காறையெலும்புக்குப் பின்னால்

கத்திக்குத்து நடந்தபோது ஜீவனஹள்ளியின் அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் நாலே பேர். பெரியவர் உத்தமன், அவர் தங்கை சரசு, மகன் கிஷோர், மருமகள் ரூபினி.

ரூபினியின் தலைமுடி கிஷோரின் கைப்பிடியில் இருந்தது. மூன்றாவது முறை அவள் நெற்றியைச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"கத்தினே, இங்கயே கொன்னு போட்டுடுவேன்டி!"

"விடுடா அவளை. நம்ம வம்சத்துல பொம்பளை மேல கை வெச்சவன் கிடையாது." மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த உத்தமன் கத்தியோடு எழுந்து வந்தார்.

"யோவ் கிழவா, போய் உன் பழத்தை நறுக்கு."

அடுத்த கணம் ரூபினியின் முடி விடுபட்டது. வலது கழுத்தடியைப் பொத்திக்கொண்டு கிஷோர் அவள் மேலேயே சரிந்தான். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

ஆஸ்பத்திரியில் சரசு எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. "எங்கண்ணன் பிரிச்சுவிடத்தாங்க போச்சு. இவன் திமிறினான், கத்தி பட்டுடுச்சு."

ரூபினியும் அப்படித்தான் நம்பினாள். மாமனார் ஜெயிலுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்காகப் பேச வேறு நாதியில்லை.

டாக்டர் குளோரியா ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தாள். பெரியவரைப் பார்த்ததும் திகைத்தாள். "உத்தமண்ணா, உங்க பையனா? மெடிக்கல் காலேஜ்ல பாடியை அறுத்து ஒவ்வொரு ரத்தக்குழாயா எங்களுக்குக் காட்டினது இவருதாங்க," என்றாள் ரூபினியிடம்.

"பிழைப்பானாம்மா?"

"பிழைச்சுட்டாண்ணா. இதயத்துக்கு மேல வளையுற பெரிய குழாய்ல மூணு கிளைதானே கிளம்பும்? இவனுக்கு நாலு. வலது கைக்குப் போறது கடைசியாக் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னாடி சுத்திக்கிட்டுப் போவுது. நூத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி."

"அப்போ கழுத்தடியில, வலது காறையெலும்போட உள்முனைக்குப் பின்னாடி இருக்க வேண்டிய பெரிய கிளை இல்லியா?"

"இல்லண்ணா. இருந்திருந்தா வீட்டுலயே உயிர் போயிருக்கும்."

உத்தமன் ஸ்கேன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பெற்ற மனம் என்று ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து நோட்டை விரித்தார். "யஜமானரே, தெருவே சொல்லுது. பிரிக்கப் போனீங்க, கை தவறிடுச்சு. அப்படியே எழுதிக்கறேன், வீட்டுக்குப் போங்க."

"அஷ்டே சார், அவ்ளோதான்!" என்றாள் சரசு. ரூபினியும் அவசரமாகத் தலையாட்டினாள்.

உத்தமன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"தப்பா எழுதாதீங்க சார். என் கை தவறல. குழாய்தான் அங்க இல்ல."