பத்தாவது ஆள்

மழை விடவில்லை. அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் வரக் கூடாது.

எர்ணாகுளம் யூதர்களின் தொழுகைப் பள்ளிக்குள் அவனையும் சேர்த்து ஒன்பது ஆண்கள். பத்துப் பேர் இல்லாமல் தோரா வேதச் சுருளை வெளியே எடுக்க மாட்டார்கள். சுருள் எடுக்காவிட்டால் அவன் மேடை ஏற வேண்டியதில்லை. இன்னும் ஒரு சனிக்கிழமை தள்ளிப்போகும்.

ஊர் யூதக் குடும்பங்களில் பாதி இஸ்ரேலுக்குப் போய்விட்ட வருடம் அது. பத்தாவது ஆள் வராத சனிக்கிழமைகள் உண்டு.

ஜெபம் நடத்துகிற ஐசக் அவன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நெஹேமியா, ஆள் சேர்ந்தா இன்னைக்குச் சொல்லிடு. கடல்ல பொழச்சு வந்தவன் நன்றி சொல்லாம இருக்கக் கூடாது. மாசம் ஆகப்போகுது."

தலையாட்டினான்.

கடலில் தப்பியவன். பாலைவனத்தைக் கடந்தவன். நோயிலிருந்து எழுந்தவன். சிறையிலிருந்து வெளியே வந்தவன். பத்துப் பேர் முன்னால் இவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டிய நன்றி வாழ்த்து அது. வீட்டுக்குள் தனியாகச் சொல்லிவிட முடியாது. கேட்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

கேட்கப்போவது யார் என்பதுதான் அவன் பயம்.

நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு அவனும் கூட்டாளி பெஸலேலும் முட்டையும் காய்கறியும் படகில் கொண்டுபோவார்கள். அன்று கடலும் காயலும் சேருமிடத்தில் ஓர் அலை படகைப் புரட்டிப்போட்டது. கவிழ்ந்த படகின் மேல் ஆளுக்கொரு பக்கம் தொற்றிக்கொண்டார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. தூங்கிவிடாமல் இருக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை.

எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் கை இல்லை.

பள்ளியின் வாசலில் காலடிச் சத்தம்.

மெனஹேம். பெஸலேலின் அப்பா.

சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் குடை பிடிக்க மாட்டார். தலையிலிருந்தும் தாடியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகனை அடக்கம் செய்த பிறகு அவர் பள்ளிக்கு வருவது இதுதான் முதல் தடவை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவன் பக்கம் திரும்பவில்லை.

இடுகாட்டிலும் அப்படித்தான். அவன் எதிரே போய் நின்றான். அவர் விலகி நடந்தார். அதிலிருந்து அவர் தெரு வழியாக அவன் போவதில்லை.

ஐசக் சுருள் இருக்கிற பெட்டகத்தைத் திறக்க எழுந்தார். அவன் அவர் கையைப் பிடித்தான்.

"இன்னைக்கு வேணாம். அடுத்த வாரம் சொல்றேன்."

"அவர் இருக்காருன்னு யோசிக்கிறியா?"

அவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான்.

"அவர் இல்லேன்னா பத்து இல்ல, நெஹேமியா."

சுருள் வெளியே வந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மேடையின் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசித்தது எதுவும் காதில் ஏறவில்லை. வாசிப்பு முடிந்தது தெரிந்தது. எல்லோரும் அவனைப் பார்ப்பது தெரிந்தது.

தொடங்கினான். சின்ன வயதிலிருந்து மற்றவர்கள் சொல்லிக் கேட்ட எபிரேய வரிதான். இன்றுவரை அர்த்தம் யோசித்ததே இல்லை.

குற்றமுள்ளவர்களுக்கும்.

அங்கே நின்றுவிட்டான்.

அடுத்த வார்த்தை நாக்கில் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் நின்றுபோனது. ஓட்டில் விழுகிற மழைச் சத்தம் மட்டும். ஐசக் உதட்டை அசைத்துக் காட்டினார். அவன் கண்ணுக்கு உதடு தெரியவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது.

நன்மை செய்கிறவர்.

மெனஹேம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னான். எனக்கு எல்லா நன்மையும் செய்தவர்.

எல்லோரும் பதில் சொன்னார்கள். உனக்கு நன்மை செய்தவர் என்றென்றும் உனக்கு நன்மை செய்வாராக.

குரல்கள் ஓய்ந்தன. ஒரு குரல் மட்டும் பின்தங்கி வந்து, தனியாக, கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்தது.

ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறப் பார்த்தான். மெனஹேம் அவனுக்கு முன்பே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

மழையைப் பார்த்தபடி கேட்டார்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சா?"

அன்று குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. கை மரத்துப்போச்சுடா என்று பெஸலேல் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

"இல்ல," என்றான். "வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

மெனஹேம் இப்போது அவனைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மகன் கைக்குப் போகும்வரை அந்தப் படகை ஓட்டியவர் அவர். மழைக்காலத்துக் கடலில் எத்தனையோ தடவை இறங்கியவர்.

"வீட்டுக்கு வா," என்றார். "அவன் அம்மா தினமும் இதையேதான் கேக்கறா. என்னால சொல்ல முடியல."

அவன் அசையாமல் நின்றான்.

"இப்பச் சொன்னியே, இதே மாதிரி சொல்லு."

படியிறங்கி மழைக்குள் நடந்தார்.

தெருமுனைவரை போய், அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தார்.