ஊசிக்குப் பின் சோறு

சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினைக் கணவரின் வயிற்றில் போட்டு முடித்த பிறகுதான், மகளின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரப்போவதாகக் குமுதா சொன்னாள். அதுதான் தப்பாகிவிட்டது. ஞானசேகரன் தட்டைத் தள்ளிவிட்டார். கோபத்தைச் சோற்றில் காட்டுவது அவருடைய வழக்கம். கெஞ்சிச் சாப்பிட வைப்பது அவளுடைய வழக்கம். ஆனால் உள்ளே போன மருந்துக்குக் கோபதாபம் தெரியாது. சோறு வராவிட்டாலும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அது இறக்கிக்கொண்டே போகும்.

“ஊசி போட்டாச்சுங்க. ரெண்டு வாயாவது சாப்பிடுங்க.”

“போகலேன்னு சொல்லு, சாப்பிடறேன்.”

“பெத்துக்கப்போறது உங்க பொண்ணுதான்.”

“குத்துக்கல்லாட்டம் இருக்காளே அவ மாமியார், அவ பாக்கட்டும். எனக்கு யாரு ஊசி போடுவா?”

“நீங்களே போட்டுக்கலாம்னு டாக்டரும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டாரு.”

அரை மணி நேரம் இப்படியே போனது. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரல்கள் நடுங்கத் தொடங்கின. அந்த நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை; அவள் பார்க்கும்படி மேசைமேல் வைத்திருந்தார். ‘போகவில்லை’ என்ற சொல் குமுதாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ விஷயங்களுக்குச் சொன்ன சொல்தான். சொல்லிவிட்டால் இன்றைக்கும் அவர் சாப்பிட்டுவிடுவார். அதைச் சொல்லக்கூட அவளிடம் தெம்பில்லை. சர்க்கரை டப்பாவை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். பக்கத்தில் ஒரு ஸ்பூனையும் வைத்தாள். பிறகு உள்ளறைக்குப் போய்ப் புடவைகளை மடித்துப் பையில் அடுக்கத் தொடங்கினாள். டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்காகக் காதை மட்டும் அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தாள்.