புதுக் கருவிக்கு நான்கு சம்மதங்கள்

மடிக்கணினியை இஸ்திரி மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மணி நாலு. திரையில் வட்டங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. வாத்தியார் வந்தார். எறும்பு வந்தான். மாட்டு டாக்டர் வந்தாள்.

பட்டப்பெயர் வைத்து இணையத்தில் மட்டும் பழகும் நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. சின்ன நூலகங்களில் எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்று குறித்துவைக்கும் ஒரு மென்பொருளைப் பதினோரு வருடமாகச் சேர்ந்து எழுதுகிறோம். திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஆரம்பித்தது நான், மகள் தொட்டிலில் தூங்கிய நேரங்களில்.

இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

இன்றோடு அதுவும் போகப்போகிறது.

ஆளுக்கொரு பக்கம் எழுதும் நிரல்களைச் சேர்த்து, சோதித்து, முழு மென்பொருளாகக் கட்டித் தர எங்களிடம் ஒரு பழைய கருவி உண்டு. அதை விட்டுவிட்டுப் புதிய ஒன்றுக்கு மாறலாம் என்று மூன்று மாதமாகப் பேச்சு. மூவரும் சம்மதம் என்று எழுதிவிட்டார்கள். வாத்தியார் கூடவே ஒரு கட்டைவிரல் படமும் போட்டிருந்தார். இன்று உறுதி செய்தால் முடிந்தது.

அந்தப் புதுக் கருவி எனக்கு ஓடவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முயன்றேன். மூன்று முறையும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். அதன் விளக்கக் குறிப்பு 'இது மிக எளிது' என்று தொடங்கியது. அந்த வரியைத் தாண்டி எனக்கு எதுவும் விளங்கவில்லை.

யாரிடம் கேட்பது? இத்தனை வருடமாக அவர்கள்தான் என்னிடம் கேட்பார்கள். ஆரம்பித்தவளுக்கே தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒதுங்கிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. 'குடும்பப் பொறுப்புகள் கூடிவிட்டதால்' என்று காரணம் எழுதியிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நேரத்த வளர்த்த வேண்டாம்," என்றார் வாத்தியார். "எறும்பு, நீ ஒருதடவ ஓட்டிக் காட்டு. பாத்துட்டு முடிச்சிடலாம்."

ஒருவர் கண்ணிலும் படாத சின்னப் பிழைகளைத் தேடித் தேடிப் பொறுக்குவதால் அவனுக்கு அந்தப் பெயர். கூட்டம் என்றால் முதலில் வாய் திறப்பவனும் அவன்தான். இன்று சத்தமே இல்லை.

"என்னப்பா, மைக்க அணைச்சு வெச்சிருக்கியா?"

"இல்ல சார். உண்மையச் சொல்லிடறேன். எனக்கு அது ஒருதடவகூட ஓடல."

எங்கேயோ ஒரு மாடு கத்தியது. பிறகு மாட்டு டாக்டர் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"அப்பாடா! நான் மட்டுந்தான் மக்குன்னு நெனச்சு ரெண்டு வாரமா சோறு எறங்கல."

"எனக்கு ஓடிச்சு," என்றார் வாத்தியார் கம்பீரமாக. "ஒரே ஒருதடவ. எப்படி ஓடிச்சுன்னு மட்டும் கேக்காதீங்க."

மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். வெளியே குழாய் கொட்டும் சத்தம்கூட இதமாக இருந்தது. எட்டி அந்தக் கடிதத்தை அழித்தேன்.

பழசே போதும் என்று மூவரும் முடிவுக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்புறம் எதுக்குடா சம்மதம்னு எழுதின?" என்று டாக்டர் எறும்பைச் சீண்டினாள்.

"நீங்க எதுக்கு எழுதினீங்களோ அதுக்குத்தான். அக்காவே ஆசப்பட்டு, மாறலாமான்னு கேட்டாங்க. மொகத்துக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

ஆமாம், கேட்டது நான்தான்.

இது மென்பொருளா, அருங்காட்சியகமா என்று முன்பின் தெரியாத ஒருவன் கிண்டலாக எழுதிய அன்று கேட்டேன். கிளம்புகிறேன் என்று ஒருத்தி எழுந்து நிற்பதே, இரு என்று யாராவது கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள் என்றுதான். பழசே இருக்கட்டும் என்று ஒருவர்கூடப் பிடிக்கவில்லை.

"அக்கா, கோச்சுக்கிட்டீங்களா?" என்றான் எறும்பு. 

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பரவால்ல. உங்க எல்லாருக்காகவும் விட்டுக்குடுக்கறேன்."

குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூடச் சேர்த்தேன்.

மூவரும் நன்றி சொன்னார்கள்.