துண்டுக்கு அடியில் சைகோன்

ஜமாலுதீன் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கையின் மேல் போட்டார்.

"கெடா என்ன வெல போவுது இப்ப?" என்றார், சத்தமாக.

சைகோனிலிருந்து கப்பலேறி வந்து, அன்று காலையில்தான் சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியவர். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குள் ஆட்டு விலை.

ரசியா காதில் விழக் கூடாத சேதி என்று எனக்குப் புரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நிற்கிறாள் என் தங்கை. அவள் புருஷன் காசிம், மாமாவோடு சைகோன் துணிக்கடையில் இருந்தவன்.

ஆட்டுத் தரகில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது. திட்டக்குடிச் சந்தையில் சுற்றி நூறு பேர் நின்றாலும் பேரம் துண்டுக்கு அடியில் முடிந்துவிடும். விரலைப் பிடித்தால் உண்டு, மடக்கினால் இல்லை. முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. வாய் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். விரல் சொல்லக் கூடாது.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. சைகோன் ஊருக்குள்ளேயே சண்டை புகுந்துவிட்டது என்று பேப்பரில் பத்தி பத்தியாக வந்தது. செத்தது அமெரிக்காக்காரன் இத்தனை பேர், எதிராளி இத்தனை பேர். முழம் போட்டுத் துணி கிழிப்பவனுக்கு அதில் இடமே இல்லை.

"தாடி வெச்ச கெடாவுக்கெல்லாம் இப்ப மவுசு ஜாஸ்தி மாமா. நீங்க போய் நின்னாலே நல்ல வெல வரும்" என்றேன்.

திரைக்குப் பின்னால் ரசியா சிரித்தாள். "சைகோன் போயும் ஆட்ட விடலியா மாமா?"

அடியில் நான் நாலு விரலைக் கொடுத்தேன். அந்தக் கடையில் மாமாவையும் சேர்த்து நம் ஊர் ஆட்கள் நாலு பேர்.

மாமா வயது வரிசையில் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தார். மூன்றைப் பிடித்தார். சுண்டுவிரலை மடக்கினார்.

நாலு பேரில் இளையவன் காசிம்.

ஊருக்கு வந்தால் ட்ரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தெருவெல்லாம் சோப்பு மணக்கும். என்னோடு பேரம் பேசி வேண்டுமென்றே தோற்பான். என் கல்யாணத்துக்குப் பட்டு அனுப்பிவிட்டு, 'பொண்ணு கட்டினா அளகு, நீ கட்டினாலும் தப்பில்ல' என்று எழுதியவன்.

மாமா கையை எடுத்துக்கொண்டார். துண்டு என் கையின் மேலேயே கிடந்தது. ரசியாவிடம் நாளைக்குச் சொல்லலாமா, வெள்ளிக்கிழமை போகட்டுமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

முக்காட்டை இழுத்துக்கொண்டு ரசியா வந்தாள். மாமா முன் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டுக்குள் கையை விட்டாள்.

சின்ன வயதில் வாப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு, கமர்கட்டுக்கு விலை பேசி நாங்கள் விளையாடியதுண்டு. ஒருநாள்கூட அவளை நான் ஏய்த்ததில்லை.

ஐந்து விரலையும் விறைப்பாக நீட்டியே வைத்திருந்தேன். என் விரல் சொன்ன முதல் பொய்.

அவள் தடவித் தேடிச் சுண்டுவிரலை மடக்கினாள்.

பிறகு என் முழுக்கையையும் ஒரு தடவை பிடித்து விட்டாள். மறுபடியும் ஒரு தடவை.

பத்து.

"நீ கடலூருக்குப் பத்திரிக வைக்கப் போயிருந்தப்ப தந்தி வந்துதுண்ணே. பத்து நாளாச்சு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

என் நிக்காஹ் முடிந்து அன்றைக்கு எட்டாம் நாள்.

புருஷனை இழந்து நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியவள், என் பெண்சாதி வாசலில் கால் வைத்தபோது தெருவே திரும்பிப் பார்க்கக் குரவை விட்டாள்.