உதைக்குத் தாங்குமா?

பொம்மனஹள்ளி வெல்டிங் கடையில் அன்று மத்தியானம் இருந்தவர்கள்: கடைக்காரர் சின்னப்பா, ராடு விற்க வந்த கிஷோர், கதவோடு வந்த முனியப்பன், அவன் மனைவி கிருஷ்ணம்மாள்.

"இது திருடன் வேலை இல்லையே. உள்ளேயிருந்து யாரோ உதைச்சிருக்காங்க" என்றார் சின்னப்பா.

அலுமினியக் கதவு. பூட்டு மாட்டும் கொண்டி, தகட்டையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு கழன்றிருந்தது.

"ஆமாண்ணா. வீட்டுல ஒருத்தன் குடிக்கிறான். கண்ணு முழிச்சதும் பாக்கெட் சாராயம் வேணும். டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. ஒரு வாரம் வெளியே போகாம இருந்தா தேறிடுவான்றாரு. போன தடவை ரெண்டாம் நாளே உடைச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"யாரு, தம்பியா?"

முனியப்பன் கதவைத் தடவினான். "இது ஒட்டுமாண்ணா?"

"வேற கதவு போட்டுக்கோயேன். இரும்புல."

"வாடகை வீடு. ஓனர் மாத்த விடமாட்டேன்றாரு."

சின்னப்பா உதட்டைப் பிதுக்கினார். சாதாரண வெல்டிங் வைத்தால் இந்த மெல்லிய தகடு உருகி ஓட்டையாகிவிடும்.

கிஷோர் பையைத் திறந்தான். "இதுக்குத்தான் சார் நம்ம ராடு. கம்மி சூட்டுலயே உருகும். தகட்டுக்கு ஒண்ணும் ஆகாது. யானை முட்டினாலும் பிரியாது."

"பொம்மனஹள்ளியில யானையை நான் எங்கே பார்க்கப் போறேன்? விலையைச் சொல்லு."

கிஷோர் சொன்னான். சின்னப்பா சிரித்தார். "ஹோகலி பிடு, விட்டுத் தள்ளு. அதுக்கு ஓனர் வீட்டுக் கதவையே வாங்கிடலாம்."

அவரிடமே இரண்டு வித ராடுகள் இருந்தன. ஒன்று மார்க்கெட்டில் கொத்தாகக் கட்டி விற்கும் மலிவு ராடு. இன்னொன்று பவுடர் தொட்டு ஒட்டுவது. விலை நடுத்தரம், வேலை அதிகம்.

"மூணையும் வச்சுப் பார்த்துடுங்கண்ணா" என்றான் முனியப்பன். "எது தாங்குதோ அது போதும்."

சின்னப்பா பழைய தகட்டுத் துண்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கேஸ் தீயைத் தகட்டில் காட்டி, அது சூடேறியதும் ராடை வைத்து இழுத்தார். மூன்று ஒட்டுகள். ஆறியதும் ஒவ்வொன்றாக வைஸில் இறுக்கிச் சுத்தியலால் போட்டார்.

மலிவு ராடு முதல் அடியிலேயே காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. கிஷோரின் ராடு அசையவில்லை. பவுடர் ராடில் தகடு லேசாக வளைந்தது.

"பார்த்தீங்களா சார்?" என்றான் கிஷோர்.

"சுத்தியல் வேண்டாம்ணா. அவன்கிட்ட ஏது சுத்தியல்? கால்தான்."

முனியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கிஷோரின் துண்டை மறுபடி வைஸில் மாட்டச் சொல்லிக் குதிகாலால் உதைத்தான். ஒரு உதை இல்லை. நிறுத்தாமல் உதைத்தான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சட்டென்று கிஷோரின் ராடு கண்ணாடி மாதிரி இரண்டாகப் போனது.

"இப்படி உதைச்சா எப்படி சார்? இதுக்கெல்லாம் கியாரண்டி வராது."

"கியாரண்டி பார்த்துக்கிட்டா அவன் உதைப்பான்?"

மூன்றாவது துண்டு. தகடு இப்படியும் அப்படியும் வளைந்தது. முனியப்பனுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உதைத்தான். ஒட்டு மட்டும் விடவில்லை.

"இதையே வைங்கண்ணா."

கிஷோர் பையை மூடிக்கொண்டு கிளம்பினான்.

சின்னப்பா உடனே கை வைக்கவில்லை. "வேலை செய்வேன். ஆனா கேட்கிறேன். நாயைக்கூட ஒரு வாரம் இப்படிப் பூட்டி வைக்க மாட்டாங்களேப்பா. உட்கார வச்சு நல்ல விதமாப் பேசக் கூடாதா?"

"பேசியாச்சு. அழுவான். சத்தியம் பண்ணுவான். திறந்து விட்டா நேரா சாராயக் கடைக்குத்தான் போவான்."

"நீயாவது எடுத்துச் சொல்லும்மா" என்று கிருஷ்ணம்மாள் பக்கம் திரும்பினார்.

அவள் கதவைக் காட்டிச் சொன்னாள். "கெட்டியா வச்சுக் குடுங்கண்ணா. இந்தத் தடவையும் உடைஞ்சா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு நான் கேஜிஎஃப்ல அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வர மாட்டேன்."

சின்னப்பா பவுடர் ராடை எடுத்தார். தீயைப் பற்ற வைத்தார்.

சாயங்காலம் கதவை மாட்ட அவரே வீட்டுக்கு வந்தார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. உள்ளே ஒரு பாய், தண்ணீர்க் குடம், பக்கெட், மாத்திரை அட்டை. கீல்களை முடுக்கிவிட்டுக் கொண்டியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. "எங்கே அந்த மகராசன்? பிடிச்சு இழுத்துட்டு வந்து தள்ள என்னைக் கூப்பிடாதே. கூடப் பொறந்தவனை மாடு மாதிரி அடைக்கிறே. எனக்கு இந்தப் பாவம் வேண்டாம்."

"இழுக்க ஆள் வேண்டாம்ணா" என்றான் முனியப்பன்.

கைக்கடிகாரத்தைக் கழற்றினான். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து மனைவியின் கையில் கொடுத்தான்.

"அழுதாலும் திறக்காதே. பொண்ணு மேல சத்தியம் பண்ணினாலும் திறக்காதே" என்று சொல்லிவிட்டு, குனிந்து அறைக்குள் போனான்.

கிருஷ்ணம்மாள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.