மூன்றாம் மாடிக் கணக்கர்

சிறுநீரக நோயாளிகளுக்கான ஓட்டம். அலுவலகத்தில் நிதி திரட்டும் குழுவுக்கு அவள்தான் தலைவி. மூன்று வாரமாகப் படியேறி இறங்கிக் கால் ஓய்ந்துவிட்டது. எல்லாரும் ஏதோ கொடுத்தார்கள். மூன்றாம் மாடிக் கணக்கர் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"நான் ஏற்கெனவே குடுத்துட்டேம்மா."

"பட்டியல்ல உங்க பேரே இல்லையே சார்?"

அவர் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார். கல்லில் நார் உரிக்க முடியுமா என்று அலுத்துப்போய்த் திரும்பினாள்.

ஓட்டத்தன்று அவர் ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகக் கேட்டுப் பார்ப்போமென்று காலை இழுத்துக்கொண்டு போனாள். அதற்குள், ஓடி முடித்த ஒரு பெண் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் சொந்தக்காரராம்மா?"

"இல்லக்கா. முன்னப்பின்ன தெரியாதவர். அவரோட சிறுநீரகத்துல ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் நான் இன்னிக்கு ஓடினேன்."