சர்ச் வளைவு

“மறுபடியும் ஃபெயில்” என்றான் யோபு, உள்ளே வந்ததும் வராததுமாக.

அவன் மனைவி பெலெனிசேவுக்குச் சுர்ரென்று ஏறியது. “எதுக்காம்?”

“கவனம் போதாதாம். இன்னும் பழகிட்டு வான்னாரு.”

“நீங்களும் சரின்னு தலையாட்டிட்டு வந்தீங்களாக்கும்?”

தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். பைபிளில் வரும் பொறுமைசாலி யோபுவின் பேர், பொறுமையும் அப்படியே.

பெலெனிசேவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இது மூன்றாவது தடவை. பஸ் முதலாளி இந்த வாரம் வரைதான் டிரைவர் வேலையை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அது போனால் யோபு நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

ஃபெயிலுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். சவாயி தீவின் இந்தப் பக்கத்தில் லைசென்ஸ் டெஸ்ட் எடுப்பவர் லெமானா ஒருவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், இருபத்தைந்து மைலில் போக வேண்டிய சர்ச் வளைவில் யோபு ஐம்பதில் வந்து மோதினான். செத்தது லெமானாவின் ஒரே மகள் லூசியா.

கோர்ட் கொடுத்த தண்டனை தனி; பழைய லைசென்ஸ் போனதும் அதில்தான். அதற்கு முன்பே, மறுநாள் விடியற்காலையில், யோபுவின் குடும்பமே லெமானா வீட்டின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தது. யோபுவின் தலைமேல் தாழம்பாயைப் போர்த்தியிருந்தார்கள். வெட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். லெமானாவே இறங்கி வந்து பாயை விலக்கினார். விலக்கிவிட்டால் பகை முடிந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

“கையால மன்னிச்சுட்டு இப்போ பேனாவால பழி தீர்க்குறாரா? கேட்டுட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டாள். யோபு தடுத்துப் பார்த்தான். நடக்கவில்லை.

லெமானா ஆபீஸ் வாசலில் சீமைப்பலா மரத்தடியில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாம்மா, வா, சாப்பிடு.”

“உங்க சேம்பிலை எனக்கு வேண்டாம் ஐயா. அன்னைக்குப் பாயை விலக்குனீங்களே, அது பொய்யா?”

பக்கத்தில் டெஸ்டுக்குக் காத்திருந்தவர்கள் பதறிப்போய் எழுந்து நகர்ந்தார்கள். லெமானா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“உன் புருஷன் மாதிரி ஓட்டுறவன் இந்தத் தீவுலயே இல்லம்மா. கோழி குறுக்க வந்தாக்கூட நின்னு வழி விடுறான்.”

“அப்புறம் என்ன கேடு? எதுக்கு ஃபெயில்?”

“சர்ச் வளைவு வந்தா கண்ணை மூடிக்கிறான்.”

“எல்லாரும்தான் கண் இமைக்கிறாங்க.”

“இமைக்கிறது இல்ல. இறுக்கி மூடிக்கிறான். வளைவு தாண்டினப்புறம்தான் திறக்குறான். மூணு தடவையும் அப்படித்தான். நான்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் திருப்பினேன். அது அவனுக்கே தெரியல. இவனை நம்பி ஒரு பஸ் ஜனத்தை எப்படி ஏத்துறது, சொல்லு?”

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வரும் வழியெல்லாம் இந்த மனிதரை என்னவெல்லாம் திட்டியிருந்தாள்! அவர் எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவர்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே ஐயா...”

“சொன்னா அதோட வண்டியைத் தொடவே மாட்டான். நீயும் சொல்லாதே. பஸ் முதலாளிகிட்ட ஒரு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்கேன், சரின்னுட்டார்.”

“ஒரு மாசத்துல சரியாயிடுமா?”

“தினமும் சாயங்காலம் என்கிட்ட அனுப்பு. பக்கத்துல நான் உட்கார்ந்துக்கறேன்” என்றார் லெமானா. “லூசியாவோட அம்மா அந்த வளைவுல நின்னு அவனுக்குக் கை காட்டுறேன்னு சொல்லியிருக்கா. அவளுக்குப் பதிலுக்குக் கை காட்டணும்னா அவன் கண்ணைத் திறந்துதானே ஆகணும்?”